மகளுக்கு ஆக்கிய பத்தியச் சோறு

தீபாவளி கழிந்து பெய்கிற மழையில் எங்கள் பின்வாசல் முருங்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே தழைத்துவிடும். குருண் ஊரில் நாங்கள் இருக்கிற தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. அதன் கரையில் அவரவர் கைக்கு வந்ததை நட்டு வைத்திருக்கிறோம். என் பங்குக்கு முருங்கை, கறிவேப்பிலை, சுண்டை, நாலைந்து வாழை, பக்கத்து வீட்டு வேலிக்கம்பியைப் பிடித்து ஏறிய ஒரு பீர்க்கங்கொடி. காய் எங்கள் பக்கம் தொங்கினால் எங்களுக்கு, அந்தப் பக்கம் தொங்கினால் அவர்களுக்கு. இதுவரை சண்டை வந்ததில்லை.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தது இந்த மழைக்காலத்தில்தான். கொடியில் பிஞ்சு, வாழையில் பூ, முருங்கையில் கொழுந்து. “நம்ம கோயில் ஆத்தா காய்கறி பார்த்துத்தான் நாள் குறிச்சிருக்கா” என்று என் மனைவியிடம் சொன்னேன்.

“கிளினிக்ல டாக்டர்தான் குறிச்சாரு” என்றாள் அவள்.

பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகமாக வீடு வந்தார்கள். இனி பத்தியச் சமையல் யார் பார்ப்பது என்று பேச்சு வந்தது. என் மனைவி தொழிற்சாலையில் சிப்ட் வேலை பார்க்கிறாள். பிரசவத்துக்கென்று கேட்டு வாங்கிய லீவு ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்துபோனது. நான் ரப்பர்த் தோட்டத்தில் லாரி ஓட்டியவன். முதுகு வலி வந்த பிறகு ஓட்டுவதை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறேன். படிப்பு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு சரி. ஆனால் சமையல் வரும். எங்கள் அம்மன் கோயில் அன்னதான அடுப்பில் வெகுகாலமாக நிற்கிறேன். கூட்டம் எதிர்பார்த்ததைவிடக் கூடிப்போனால் சாம்பாரில் தண்ணீர் சேர்த்துச் சமாளிக்கிறவன் என்று கோயிலில் என்னைக் கேலி பேசுவார்கள். “அண்ணன் கைய வெச்சா ஆத்துல தண்ணி வத்தினாலும் சாம்பார் வத்தாது லா” என்பான் ஒருத்தன்.

பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தீட்டு உண்டு. முப்பதாம் நாள் கழிகிறவரை கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. வீட்டிலும் சாமி படங்களுக்கு முன்னால் திரையை இழுத்துவிட்டோம். கோயில் இல்லாமல் எனக்குக் காலைப் பொழுது எப்படிப் போகும் என்று நினைத்திருந்தேன். போனது. விடிந்ததும் குளித்துவிட்டு அடுப்புக்கு முன்னால் நிற்பேன். “அம்மா, உன் வாசலுக்கு வர முடியல. நீ இங்கேயே வந்து பார்த்துக்க” என்று சொல்லிவிட்டுப் பற்ற வைப்பேன். அவள் வந்தாள் என்றுதான் நம்புகிறேன்.

அவளோடு கூடவே என் சம்பந்தியம்மாவும் பாலிங்கிலிருந்து வந்து சேர்ந்தார்.

மருமகன்தான் காரில் கூட்டி வந்து விட்டார். பேத்தியைப் பார்த்துவிட்டு இரண்டொரு நாளில் திரும்புவதாகத்தான் பேச்சு. கையில் ஒரு பெரிய பை. அதில் மருந்துச் சாமான், உரித்த பூண்டு, நல்லெண்ணெய்ப் போத்தல், வயிற்றில் கட்டப் பழைய சேலைத் துணி. நேரே அடுப்படிக்கு வந்தார். கூடையில் கிடந்த வெள்ளரிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது யாருக்கு அண்ணே?”

“எனக்கும் உங்க சம்பந்திக்கும்.”

“என் மருமக கண்ணுல படக்கூடாது. கண்டா ஆசை வரும். பச்ச உடம்புக்காரி.” காயைத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் அடித்தட்டில் ஒளித்து வைத்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஆம்பள பத்தியம் ஆக்கி நான் பார்த்ததில்ல.”

“நானும் பார்த்ததில்ல சம்பந்தியம்மா. இப்பத்தான் பார்க்கப் போறேன்.”

அன்று நான் வைத்த பூண்டுக் குழம்பைப் பார்த்ததும் அவர் ஊருக்குத் திரும்புகிற எண்ணத்தையே விட்டுவிட்டார். எனக்குக் கைப்பழக்கம் அண்டாவோடு. ஒருத்திக்கு மட்டும் வைப்பது எப்படி என்று தெரியாமல் வீட்டிலேயே பெரிய சட்டியை எடுத்து, அது நிறைய வைத்திருந்தேன். மூடியைத் திறந்து பார்த்தவர் கேட்டார்:

“இது என் மருமகளுக்கா அண்ணே, இல்ல தேர் இழுக்குறவங்களுக்கா?”

அறைக்குள்ளிருந்து என் மகள் சிரித்தது கேட்டது. தையல் போட்ட இடம் வலிக்கிறது, சிரிக்க வைக்காதீர்கள் என்றும் சத்தம் போட்டாள்.

அதன்பின் சம்பந்தியம்மா சொல்ல, நான் செய்வது என்று ஆனது. பூசணி, வெள்ளரி, முள்ளங்கி குளிர்ச்சி, ஆகாது. கங்கோங் கீரை நரம்பை இழுக்கும், ஆகாது. மாங்காய் வேண்டவே வேண்டாம். காய் பிஞ்சாக இருக்க வேண்டும். முற்றினால் வயிறு கட்டும். புளி பேருக்குத்தான். காரத்துக்கு மிளகு. எதுவும் இரண்டாம் நாள் அடுப்பு ஏறக் கூடாது, அந்தந்த வேளைக்கு அந்தந்த வேளை ஆக்க வேண்டும்.

இதெல்லாம் எனக்குச் சுமையாக இல்லை. உண்மையைச் சொன்னால் நான் சந்தோஷமாக இருந்தேன். லாரி ஓட்டிய காலத்தில் என் மகள் என்ன சாப்பிட்டாள் என்று உட்கார்ந்து பார்க்க எனக்கு வாய்த்ததில்லை. நான் வீடு வரும்போது அவள் தூங்கியிருப்பாள். இப்போது அவள் தட்டில் எது மிச்சம் கிடக்கிறது, எதைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுகிறாள் என்று எல்லாம் என் கண்முன்னால் நடந்தது.

பீர்க்கங்காயின் தோலை நல்லெண்ணெயில் வதக்கிப் பூண்டோடு துவையல் அரைத்தேன். உள்சதையைப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தேன். வாழைப்பூவை உட்கார்ந்து ஒவ்வொரு பூவாய் நரம்பு உருவி, மோரில் போடலாம் என்றால் மோர் ஆகாது என்பதால் மஞ்சள் நீரில் போட்டு எடுத்துப் பொரியல் செய்தேன். பச்சைச் சுண்டைக்காயைத் தட்டிக் குழம்பில் போட்டேன். காலைச் சந்தையில் யான் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து கடை போடுகிற, மக்சிக் என்று எல்லாரும் கூப்பிடுகிற மலாய்க்கார அம்மா ஒருவர், என் மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள் என்றதும் நான் எடுத்த கத்தரிக்காயைப் பிடுங்கி வைத்துவிட்டு, தானே குனிந்து பிஞ்சாய்ப் பொறுக்கித் தந்தார். கங்கோங் கட்டைக் கைகாட்டி, அது கூடவே கூடாது என்று தலையாட்டினார். பாலிங் சம்பந்தியம்மாவும் யான் மக்சிக்கும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது. இரண்டு பேரும் ஒரே வாத்தியாரிடம் படித்ததுபோல் பேசினார்கள்.

ஒன்றில் மட்டும் சம்பந்தியம்மா மற்ற எல்லாவற்றையும்விடக் கண்டிப்பாக இருந்தார். தண்ணீர். சாப்பிட்ட பிறகு சின்னக் குவளையில் பாதி வெந்நீர், அவ்வளவுதான். அதிகம் குடித்தால் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டு இறங்காது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்றார். என்னிடமும், “குழம்பு சுண்டணும் அண்ணே. சோத்துல ஓடக்கூடாது. ரசம் நனைக்க மட்டும்” என்று சொல்லிவிட்டார். தண்ணீர் சேர்க்கிற கையைக் கட்டிப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் கெட்டியாகவே ஆக்கினேன். என் தாயாரும் அப்படித்தான் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

ஆனால் பிள்ளை அழுதது.

முதலில் எல்லாப் பிள்ளையும் அழுவதுதான் என்று இருந்தோம். குடித்து முடித்த கையோடு மறுபடி வாயைத் திறந்து தேடும். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பும். கிடைக்காமல் முகம் சிவந்து போகும். மகள் முகம் அதைவிட வாடிப்போகும். ஒரு மத்தியானம் கீரைப் பொரியலும் சோறுமாகத் தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அவள் தொடவில்லை.

“அப்பா, எனக்குப் பால் வரல” என்றாள்.

“வரும்மா. முருங்கைக்கீரை சாப்பிடு. பூண்டு சாப்பிடு.”

“தினமும்தான சாப்பிடுறேன். நீங்க இவ்வளவு செஞ்சு போடுறீங்க, ஒண்ணுமே பிள்ளைக்குப் போய்ச் சேரலையே.”

பவுடர் பால் வாங்கி வரட்டுமா என்று மருமகன் போனில் கேட்டபோது அவள் போனை என்னிடம் நீட்டிவிட்டாள். அவள் தன் பாலைத்தான் கொடுக்க வேண்டும் என்று மாசமாக இருந்தபோதிலிருந்தே ஆசைப்பட்டவள். “கொஞ்சம் பொறுங்க மாப்பிள்ளை” என்று மட்டும் சொன்னேன். எதை நம்பிப் பொறுக்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் கிளினிக்கிலிருந்து மிஸி வந்தார். பிள்ளை பெற்றவர்களை வீட்டுக்கு வந்து பார்க்கிற மலாய்க்கார நர்ஸ். பையிலிருந்து தராசை எடுத்து வைத்துப் பிள்ளையைக் கிடத்தினார். குனிந்து பார்த்தார். இன்னொரு தடவை எடுத்துக் கிடத்திப் பார்த்தார். பிறந்தபோது இருந்ததைவிட இறங்கியிருக்கிறது, இந்நேரம் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும் என்றார். அடுத்த முறை தான் வரும்போதும் ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மகள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். தட்டை எடுத்துக் காட்டினேன். கீரை, பருப்பு, பீர்க்கங்காய், பூண்டு. நன்றாக இருக்கிறது, யார் சமைத்தது என்றார். நான் என்றதும் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாய் என்று கேட்டார்.

மகள் மாமியாரைப் பார்த்தாள். பிறகு கட்டில் பக்கத்தில் இருந்த சின்னக் குவளையைக் கைகாட்டினாள்.

“ஒரு வேளைக்கு இதுவா?”

“இதுல பாதி.”

மிஸி கட்டிலில் அவளோடு உட்கார்ந்துவிட்டார். தாகம் எடுக்கவில்லையா என்று கேட்டார். அதைக் கேட்டதும் என் மகள் அழ ஆரம்பித்தாள். தாகம் தாங்கவில்லையாம். குளிக்கும்போது வாய் கொப்பளிக்கிற வெந்நீரை இரண்டு மடக்கு விழுங்கிவிடுவாளாம். அதையும் பயந்து பயந்துதான் செய்தாளாம். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடி, பிள்ளையை அடிக்கடி மார்பில் போடு, அழட்டும் என்று காத்திருக்காதே என்று மிஸி பக்குவமாகச் சொன்னார். யாரையும் குறை சொல்லவில்லை.

சம்பந்தியம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பாலிங்கில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், மலாய் எங்களைவிட நன்றாகவே புரியும். பிறகு பின்வாசல் பக்கம் போய்விட்டார்.

என் மனைவி வேலை முடிந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். தொழிற்சாலை உடுப்பைக்கூட மாற்றாமல் நின்று கேட்டாள்.

“நீங்கதான் போய்ப் பேசணும்” என்றாள்.

“ஏன், நீ பேசேன். பொம்பளைங்க விஷயம்.”

“என்னைச் சம்பந்தின்னுதான் கூப்பிடுறாங்க. நான் சொன்னா குத்திக்காட்டுற மாதிரி இருக்கும். உங்களை வாய்நிறைய அண்ணேங்கிறாங்கல்ல. போங்க.”

சம்பந்தியம்மா பின்வாசல் படியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மழை நின்று ஜெராய் மலையின் பாதிதான் தெரிந்தது. மேல்பாதி மேகத்துக்குள். நானும் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தேன். அவரே பேசினார்.

“என் மூத்தவன் பிறந்தப்ப, தோட்டத்து லயத்துல இருந்தோம். தாகம் தாங்காம யாருக்கும் தெரியாம குழாயில வாய வெச்சுக் குடிச்சுட்டேன் அண்ணே. மறுநாளே காய்ச்சல். வாந்தி. நான் பிழைச்சதே பெருசு. பிள்ளைக்கும் வயித்தால போயி கண்ணு உள்ள போயிருச்சு. தண்ணி குடிச்சதாலதான் இப்படின்னு என் மாமியார் சொன்னாங்க. எனக்கு அது மனசுல நின்னுபோச்சு. என் மருமகளுக்கு அப்படி ஆயிரக்கூடாதுன்னுதான்…”

அந்த மூத்தவன்தான் என் மருமகன். கையிலிருந்த கொத்தை முறத்தில் வைத்துவிட்டேன்.

“சம்பந்தியம்மா, அது அடுப்பு காணாத தண்ணி” என்றேன். “அந்தக் குழாய்த் தண்ணியை அந்த நேரத்துல யார் குடிச்சிருந்தாலும் படுத்திருப்பாங்க. சரி, பால் சுரக்க உங்க பக்கம் என்ன காய்ச்சிக் கொடுப்பாங்க?”

விரல் விட்டு எண்ணினார். “சோம்பு, சீரகம். ஓமம் துளி. சுக்கு தட்டிப் போட்டு நல்லாக் கொதிக்க விடணும்.”

“அது தண்ணியா, மருந்தா?”

“மருந்துதான்.”

“மருந்துன்னா யாராவது குறைச்சுக் கொடுப்பாங்களா?”

கீரை உருவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “அண்ணே, நீங்க லாரி மட்டுந்தான் ஓட்டுனீங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் லேசாகச் சிரித்தார். “என்னைய வளைக்கிறீங்கன்னு தெரியாம இல்ல. மிஸி சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. வாய் கொப்பளிக்கிற தண்ணியக் குடிச்சாளாமே பாவி மக. என்கிட்ட கேட்டிருந்தா என்ன?” என்றவர், தானே பதிலும் சொன்னார்: “நான் முறைச்ச முறைப்புல எப்படிக் கேப்பா.”

எழுந்து உள்ளே போனார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். நான் சோறு வடிக்கிற பெரிய பாத்திரத்தையே எடுத்துத் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினார். சோம்பு கொதித்து வாசனை வீடெல்லாம் பரவியது. பெரிய பிளாஸ்க்கில் ஊற்றி மருமகள் கட்டில் பக்கத்தில் வைத்து, “குடி தாயி. தீரத் தீர நான் ஊத்துறேன்” என்றார். மகள் முதல் குவளையை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். இரண்டாவதை யாரையும் பார்க்காமல் குடித்தாள்.

நானும் என் சமையலை மாற்றினேன். முருங்கைக்கீரையைப் பொரியலாகச் சுருட்டாமல், பாசிப்பருப்பு வேக வைத்த நீரில் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு, கொதி வந்ததும் கீரையைப் போட்டு இறக்கிச் சாறாகக் கொடுத்தேன். பீர்க்கங்காய்க் கூட்டு இளகியது. ரசம் சோற்றில் ஓடியது. சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார், தடுக்கவில்லை. ஒரு தடவை மட்டும், “கோயில்ல இப்படித்தான் சமாளிக்கிறதா?” என்றார். என் மனைவி எதையோ சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று புரிந்தது.

உடனே எதுவும் மாறிவிடவில்லை. பிள்ளை அழுதுகொண்டுதான் இருந்தது. மிஸி சொன்னபடி மகள் அதை அடிக்கடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். சம்பந்தியம்மா முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து, பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் கறிவேப்பிலை பறிக்கப் போகிற சாக்கில் தெருமுனை வரை போய், தூரத்தில் தெரிகிற கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருவேன். தீட்டுக்காரன் கும்பிடலாமா என்று யாராவது கேட்டால், பேத்திக்காக என்று சொல்ல நினைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை நான் வாழைப்பூவோடு உட்கார்ந்திருந்தபோது சம்பந்தியம்மா வேகமாக அடுப்படிக்கு வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்குக் கை நின்றுவிட்டது.

“அண்ணே, பிள்ளைக்குக் கடவாயில பால் வழியுது. வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தேன். மகள் மார்போடு துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை வாயைப் பாதி திறந்தபடி தூங்கியது. உதட்டோரம் ஒரு வெள்ளைக் கோடு கழுத்து மடிப்பு வரை இறங்கியிருந்தது. அதைத் துடைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

மிஸி மறுபடி வந்த அன்று தராசைச் சுற்றி நாங்கள் எல்லாரும் நின்றோம். மனைவி மத்தியானச் சிப்டுக்கு மாற்றிக்கொண்டு அதுவரை வீட்டில் இருந்தாள். மிஸி பிள்ளையைக் கிடத்தினார். பிள்ளை காலை உதைத்ததில் முள் ஆடியது. அது நிற்கும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றது. மிஸி நிமிர்ந்து, ஏறியிருக்கிறது, நன்றாகவே ஏறியிருக்கிறது, ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து முகர்ந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

“மருந்து” என்று மலாயில் சொன்னார் சம்பந்தியம்மா. கையோடு அவருக்கும் ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தார். மிஸி மறுக்காமல் குடித்தார்.

அன்று மத்தியானம் பிஞ்சுக் கத்தரிக்காய் வதக்கலும், சுண்டைக்காய்க் குழம்பும், கீரைச் சாறும் வைத்தேன். மகள் கட்டிலிலேயே உட்கார்ந்து, இடது கையில் பிள்ளையை அணைத்துக்கொண்டு சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள். போட்டேன். சாறு கேட்டாள். ஊற்றினேன். நான் தட்டை எடுக்கத் திரும்பி வந்தபோது, பிள்ளையும் அவளும் அப்படியே தூங்கிப்போயிருந்தார்கள். அவள் விரல்களில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. சம்பந்தியம்மா ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கொண்டுவந்து, ஈரத் துணியால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். அவள் விழிக்கவில்லை.

“நீங்க சாப்பிட்டீங்களா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“எங்க. உங்களுக்கும் எனக்கும் ஏதாச்சும் மிச்சம் வெச்சிருக்காளா, பாருங்க” என்றார்.

சட்டியில் பார்த்தேன். இரண்டு பேருக்குத் தாராளமாக இருந்தது.